அடைபட்ட உயிர்களுக்கு அன்னமிடுதல்

பசித்த உயிர்க்கு உணவிடுதல் புண்ணியம் என்பது நம்மவர் யாவர்க்கும் ஒப்பமுடிந்த கொள்கை. எறும்பு உண்ணட்டுமென்று அரிசிமாவாற் கோலமிடுதலும், தாம் உண்ணுமுன் காகத்திற்குக் கவளம் வைத்தலும், பசுவிற்கு ஒரு வாய்த் தீனி கொடுத்தலும் நம் மனைகளிலே தொன்றுதொட்டு வருவன. அவற்றின்மேற் குறை கூறுதல் ஈண்டு எம் கருத்தன்று. இடுகின்ற பொருள் உண்கின்ற உயிரின் உடம்புக்கு ஒவ்வாததாயின் அவ்வீகை அறமாகுமோ என்பதும், அவ்வுயிர் கூண்டிலோ கொட்டிலிலோ அடைபட்டு, விலகிச் சென்று தன் இரையைத் தான் தேடமாட்டாததாயின் அவ்வீகையின் தன்மை யாதென்பதுமே ஆராய எடுத்துக்கொண்டன.

இவ்வாராய்ச்சி நமக்குத் தொலைவானதன்று. மன்னாரிலிருந்து மாணாக்கர் கல்விச் சுற்றுலாவென்று தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் பேருந்தேறும்போது, வழிக்கென்று வீட்டிற் கட்டிக்கொடுத்த முறுக்கிற் பாதி குரங்குக்கென்றே ஒதுக்கப்படுகின்றது. தமிழகத்துத் தலங்களுக்கு யாத்திரை போவோர் கோயில் யானையின் துதிக்கையிலே வாழைப்பழம் வைத்து ஆசி பெற்று வருகின்றனர். இவ்விரண்டிற்கும் வசதி இல்லாதார் வீட்டுப் படலையைத் திறந்தாற் போதும்; கழுதை நிற்கும்.

மன்னார்க் கழுதையைச் சொல்லி அயலூரார் நகைப்பது வழக்கம். நாம் அந்நகைப்பிற் பங்குகொள்ளேம். அராபிய வணிகர் கப்பலிற் கொணர்ந்தனர் என்பது கழுதைக்கும் பள்ளிமுனைப் பெருக்கமரத்திற்கும் பொதுவாக இங்கு வழங்கும் வரலாறு. ஆபிரிக்காவின் வறண்ட நிலத்துக் காட்டுக்கழுதையை மனிதர் பழக்கியது ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன்னர் என்று 2022 இல் வெளியான மரபணு ஆராய்ச்சி கூறுகின்றது. பொதி சுமந்த காலம் முழுவதும் கழுதைக்கு உடையவன் இருந்தான், வைக்கோலும் இருந்தது. லொறி வந்தது, உடையவன் போயினான். இவை கூண்டில் அடைபட்டனவல்லவே என்று சிலர் வினாவலாம். கம்பியிட்ட கூடு ஒன்றே சிறையென்பது பொருந்தாது. சுற்றிலும் கடல், பெருந்தரைக்குச் செல்ல ஒரு தாம்போதி, மேய்ந்த வெளிகள் மதிலாலும் முட்கம்பியாலும் வளைக்கப்பட்டன, எஞ்சியவை தார் வீதியும் சந்தையும் குப்பைமேடும். இவ்வெல்லைக்குள்ளே, நாம் எதை எறிகின்றோமோ அதைத் தின்று உயிர்வாழும் விலங்கினை அடைபட்ட விலங்கு என்றல் மிகையாகாது.

அவ்வுயிரின் வயிறு எத்தகையது? காய்ந்த புல்லையும் முரட்டுத் தழையையும் நாள் முழுதும் சிறிது சிறிதாக மென்று, அவற்றிலுள்ள அற்பச் சத்தையும் வீணாக்காது எடுத்துக்கொள்ளும்படி அமைந்தது. குதிரைக்குப் போதாத தீனியிலே கழுதை கொழுக்கும். இங்கிலாந்தின் டெவன் நாட்டுப்புறத்தில் 1969 இல் தொடங்கப்பட்ட கழுதைகள் சரணாலயத்தார் முதன்மையான உணவாக விதிப்பது பார்லி வைக்கோல். பாண் கூடாதென்பது அவர்கள் அறிவுரை. பாணும் சோறும் மாச்சத்து மிக்கன. அவை அளவிறந்து உட்சென்றாற் பின்குடலிலே விரைந்து புளிக்கும். அதன் பயனாகக் குளம்பினுள்ளே அழற்சி தோன்றி, நிற்கவும் நடக்கவும் மாட்டாது விலங்கு வருந்தும். உண்டது ஒவ்வாவிடின் வாந்தியெடுத்துத் தப்பும் ஆற்றலும் குதிரையினத்திற்கு இல்லை. பாணைப் பொலித்தீன் பையோடு எறிவாரும் உளர். அப்பை உள்ளே தங்கிவிடுகின்றது. கடைவாயிலிற் பாண் கிடைக்குமென்று பழகிய கழுதை கடைவாயிலையே சுற்றும். கடைவாயில் பெருவீதியிலன்றோ இருக்கின்றது? இரவிலே வாகனம் மோதிக் கால் முறிந்தவற்றை ஊரார் கண்டிருக்கின்றனர். இத்தகையவற்றுக்கென மன்னாரில் ஒரு வைத்திய நிலையம் நிறுவப்பட்டமை யாவரும் அறிந்தது. பாண் எறிந்த கை ஒன்று, காயத்திற்குக் கட்டுப்போடும் கை மற்றொன்று.

எம் பாடசாலையிலும் இடைவேளை மணி அடித்தவுடன் வாயிலில் இரண்டு மூன்று கழுதைகள் வந்து நிற்கும். பிள்ளைகள் தம் பணிஸைப் பிய்த்துக் கொடுப்பர். கொடுக்கலாகாதென்று நாம் விலக்கியபோது ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், “ஐயா, அது பசியோடு பார்க்க நாங்கள் மாத்திரம் தின்றாற் பாவமல்லவோ?” என்று வினாவினான். பிரம்பினால் விடை சொல்லத்தக்க வினாவன்று அது. வாயில்லாச் சீவன் முன்னே நின்று நோக்க, மனங்கல்லாகி உண்பதற்கு ஒரு பிள்ளையைப் பழக்குவது ஆசிரியத் தொழிலாகுமோ? எனவே விடை பிறிதோரிடத்திலிருந்து வரல்வேண்டும்.

அன்பே முதன்மையானது, பொருள் யாதாயினும் ஆகுக என்று நம்மவரிற் பலர் சொல்வர். அவர்கள் காட்டும் சான்று கண்ணப்ப நாயனார். வேடர் தாம் சுவைபார்த்த இறைச்சியைக் காளத்திநாதருக்குப் படைத்தார். ஆகமம் அறிந்த சிவகோசரியார் அஞ்சினார். இறைவரோ வேடரின் அன்பையே உவந்தார். அவ்வாறாயின் அன்போடு நீட்டிய பணிஸ் கழுதைக்கு ஆகாதோ? இவ்வாதம் கேட்க இனியது, ஆராய நில்லாது. இறைவர் உடம்பின் குறையில்லாதவர். யாது படைப்பினும் அவருக்குப் பசி தீர்வதுமில்லை, நோய் வருவதுமில்லை; ஆதலின் அங்கே படைப்பவன் அன்பொன்றே எஞ்சி நிற்கும். கழுதைக்கும் குரங்குக்கும் யானைக்கும் வயிறு உண்டு. இறைவரிடத்து வைத்த நியாயத்தை வயிறுள்ள உயிரிடத்து வைத்தால், நம் அன்பு நிறைவெய்தும். அதன் குடல் வருந்தும். கண்ணப்பரைச் சான்றாக்குவோர் கழுதையைச் சிவமாக்கி வணங்குகின்றாருமல்லர். தம் கையை அது நக்கும்போது உண்டாகும் இன்பத்தையே நாடுகின்றனர்.

நம் சித்தாந்தத்திலேயே இதற்குத் தக்க விடை இருக்கின்றது. இறைவர் உயிர்களுக்குக் கொடுத்தவை தனு, கரணம், புவனம், போகம் என நான்காகச் சொல்லப்படும். உடம்பும், கருவிகளும், வாழும் உலகமும், நுகர்பொருளும் அவை. இவை நான்கும் ஒன்றற்கொன்று இயைந்து நிற்பன. யானைக்கு யானையின் தனு, அத்தனுவிற்கேற்ற துதிக்கையும் பல்லும் கரணம், காடு புவனம், தழையும் பட்டையும் போகம். ஒருயிரின் தனுவிலே பிறிதொன்றன் போகத்தைச் செலுத்துவது அருளாகாது. இறைவர் வகுத்த இயைபைப் பிரிப்பதாகும். திருமூல நாயனாரும் இறைவற்குப் பச்சிலை, பசுவிற்கு வாய்த்தீனி, பிறர்க்குக் கைப்பிடி அன்னமும் இன்சொல்லும் எனக் கொள்வார் நிலைக்கேற்பவே கொடை வகுத்தார். தாம் உண்ட ஒன்றையே எல்லார்க்கும் நீட்டுமாறு அவர் சொல்லவில்லை.

அடைத்துவைத்தவன் செய்தது யாது? அந்நான்கனுள் புவனத்தைக் கவர்ந்தான். கவர்தல் தக்கதோ என்பது வேறு வழக்கு. அதனை இங்கே தொடேம். புவனத்தைக் கவர்ந்தவன் மேல் ஒரு கடன் ஏறுகின்றது: எஞ்சிய போகத்தையேனும் பழுதின்றிக் கொடுத்தல் வேண்டும். காட்டிலுள்ள குரங்கு நாம் எறிந்த முறுக்கை மோந்து பார்த்து விட்டுவிட்டுக் காயைத் தேடிப்போகலாம். கூட்டிலுள்ள குரங்கிற்கு அது இயலாது. நாள் நீளமானது, செய்வதற்கு வேறொன்றில்லை, கம்பிக்கப்பால் நீளும் கை ஒன்றே புதிது. ஆகவே அது வாங்கித் தின்கின்றது. அது விரும்பித் தின்றது, ஆதலின் அதற்கு நல்லது என்பார் அதன் வேறுவழியின்மையை விருப்பமென்று படிக்கின்றார்.

மேல்நாட்டார் இதனை அறிய நெடுங்காலம் சென்றது. நாம் இளமையிற் கற்ற மிஷன் பாடசாலையின் நூல்நிலையத்திலே, இலண்டன் மிருகக்காட்சிச்சாலைக் கரடிக்குழியைச் சுற்றிப் பெருமக்கள் நின்று, நீண்ட கோலின் நுனியிலே பணிஸைக் குத்திக் கரடிக்கு நீட்டும் பழைய படம் ஒன்று கண்டோம். அதே சாலையில் 1926 முதல் 1972 வரை மனிதக்குரங்குகளை மேசையைச் சுற்றி இருத்தித் தேநீர் விருந்து நடத்தினர். (அத்தேயிலை நம் மலைநாட்டிலிருந்தே சென்றிருத்தலும் கூடும்.) அக்குரங்குகள் கிண்ணம் பிடிக்கும் முறையை நன்கு கற்றுக்கொண்டமையாற் பார்வையாளர்க்குச் சிரிப்புக் குறைந்ததென்றும், பின்னர் ஒழுங்கீனமாக நடக்கும்படி அவற்றைப் பழக்கினர் என்றும் சொல்வர். அவ்விருந்து குரங்கின் பசிக்கு இட்டதன்று. விலங்கு மனிதனைப்போல் உண்ணுதலைக் கண்டு மனிதன் பெறும் களிப்பிற்கு இட்டது. நம் பிள்ளைகள் குரங்கிடம் முறுக்கை நீட்டிக் கைகொட்டுவதும் அக்களிப்பின் சிறுகூறே.

முறுக்கும் பணிஸும் தீயனவாகுக, பழம் குரங்கின் உணவன்றோ என்பது அடுத்த தடை. இங்கேதான் நாம் வியக்கத்தக்கதொன்று உண்டு. டெவனிலுள்ள பெயின்ரன் மிருகக்காட்சிச்சாலையார் தம் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுப்பதை நிறுத்தியதாக 2014 இன் தொடக்கத்திற் செய்தி வெளிவந்தது. காரணம் யாதெனின், மனிதன் தன் நாவிற்காகப் பல தலைமுறை தேர்ந்து பயிரிட்ட வாழைப்பழம் காட்டுப்பழம் போன்றதன்று. அதிற் சர்க்கரை மிகுதி, நாரும் புரதமும் குறைவு. குரங்குக்கு அப்பழம் மனிதனுக்கு இனிப்புப் பண்டத்தை ஒக்கும் என்றனர். பழத்தைக் குறைத்து இலையும் காய்கறியும் மிகுத்தபின் குரங்குகளின் உடல்நலம் திருந்தியதோடு சினமும் தணிந்ததாக அவர்கள் கூறினர். 2018 இல் மெல்போர்ண் மிருகக்காட்சிச்சாலையாரும் பழங்களின் இனிப்பு மிகுந்துவிட்டதென்று கண்டு, தம் விலங்குகள் பலவற்றின் உணவிலிருந்து அவற்றை விலக்கினர். குரங்கும் வாழைப்பழமும் என்று நாம் ஒருசேரப் படம் எழுதிப் பாலபாடத்தில் வைத்திருக்கின்றோம். அப்படத்திலுள்ள பழம் நம் பழம். நம் தோட்டத்தில், நமக்காக, நம்மால் மாற்றப்பட்டது. மனித உணவு என்பது அடுப்பிற் சமைத்தது மாத்திரமன்று என்று இதனால் அறிக.

தெஹிவளைச் சாலையின் பிறப்பும் இங்கே நினைத்தற்குரியது. ஐரோப்பிய மிருகக்காட்சிச்சாலைகளுக்கு அனுப்புமுன் விலங்குகளைத் தங்கவைத்தற்கு ஜோன் ஹேகன்பெக் என்னும் ஜெர்மானிய வணிகர் அமைத்திருந்த இடமே 1936 இல் அரசின் கைக்கு வந்தது. விற்பனைச் சரக்காக இருந்தவை அன்று பொதுமக்களின் பொறுப்பாயின. பொறுப்பு என்னும் இச்சொல்லை நுழைவுச்சீட்டு வாங்கியவர் மறந்துவிடுகின்றனர். காசு கொடுத்தமையால் ஊட்டும் உரிமையும் வாங்கியதாக எண்ணுகின்றனர். இந்தியாவிலே 1972 ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991 இற் சேர்த்த ஒரு பிரிவு, மிருகக்காட்சிச்சாலை விலங்கைச் சீண்டுதல், காயப்படுத்துதல் என்பவற்றோடு உணவூட்டுதலையும் ஒரே வரிசையில் வைத்து விலக்குகின்றது. வண்டலூரில் அப்பலகையைக் கண்ட நம் யாத்திரிகர் சிலர், ஊட்டுதலும் காயப்படுத்துதலும் ஒன்றோவென்று முகஞ்சுளித்தனர். உண்டவனின் பக்கத்திலிருந்து நோக்கினால் ஒன்றேயாம்.

இனி நம் கோயில்களுக்கு வருவோம். பிறர் சாலையைக் குறைகூறிவிட்டு நம் வாயிலை விட்டுவிடுதல் நேர்மையன்று. யானை காட்டிலே நாளொன்றிற் பதினாறு மணிநேரமளவும் நடந்து நடந்து 150 கிலோவளவு புல்லும் தழையும் தின்னும் பிராணி. கோயில் யானை கல் பாவிய மண்டபத்தில் நின்றபடி நிற்கின்றது; அடியார் நூற்றுவரும் ஆளுக்கொரு பழம், வெல்லக்கட்டி, பொங்கல், இனிப்பு எனக் கொடுக்கின்றனர். ஒவ்வொருவர் கொடுத்ததும் சிறிது, வயிறு ஒன்று. உடல் பெருக்கும், கால் தளரும், பாதம் புண்படும். இக்குறைகளை முன்னிட்டே தமிழ்நாட்டரசு 2003 இல் முதுமலையிலே கோயில் யானைகளுக்கு நலவாழ்வு முகாம் தொடங்கி, நடையும் குளிப்பும் அளந்த தீனியும் கொடுத்தது. பின்னர் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியிலும் அது நடந்தது. ஆண்டிற் சில வாரம் பட்டினிச் சிகிச்சை, எஞ்சிய நாளெல்லாம் அடியாரின் அன்பு என்னும் நிலைமையைச் சைவர் நகைத்துவிட்டுச் செல்லலாகாது.

பசுவின் செய்தியும் அத்தகையதே. பட்டிப்பொங்கலன்று வெண்பொங்கலும் சர்க்கரைப்பொங்கலும் வாழையிலையிற் குவித்துப் பசுவின்முன் வைக்கின்றோம். அசைபோடும் விலங்கின் முதல் வயிறு நூறு லீற்றருக்கு மேற்பட்ட பெருங்குழி. அதிலுள்ள நுண்ணுயிர்களே புல்லைச் செரிப்பிப்பன. வெந்த அரிசியும் மாவும் மிகுதியாக விழுந்தால் அக்குழி புளித்து அமிலமாகும், நுண்ணுயிர் மடியும், வயிறு ஊதும், உடனே வைத்தியம் கிட்டாவிடிற் பசுவும் மடியும். 2024 ஜூன் மாதத்திலே கேரளத்துக் கொல்லம் மாவட்டத்தில் ஒரு பண்ணையிற் பரோட்டாவை மிகுதியாகத் தின்ற பசுக்களுள் ஐந்து இறந்தன. அப்பண்ணையார் பகைமையாற் கொடுத்தாரல்லர். கைப்பிடியளவு பொங்கல் பசுவைக் கொல்லாது என்பது மெய். ஆனால் வீதியிலுள்ள ஒவ்வொரு வீடும் கைப்பிடியளவே என்று எண்ணுகின்றது.

தெய்வப் பிராணி என்று போற்றுதலும் காவலாகாது. ஜப்பானின் நாரா நகரத்து மான்களைக் கசுகா ஆலயத்தின் தூதர் என்று அந்நாட்டார் பேணுகின்றனர். அவற்றுக்கென அரிசித்தவிட்டிற் செய்த அப்பளம் போன்ற பண்டமும் விற்கப்படுகின்றது. 2019 இல் அங்கே இறந்த 14 மான்களை அறுத்துப் பார்த்தபோது 9 மான்களின் வயிற்றிற் பொலித்தீனும் உறைகளும் இருந்தன; ஒன்றில் மாத்திரம் 4.3 கிலோ. நம் நாட்டு அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டிற் குப்பைமேட்டில் நம் எச்சிலைத் தேடிவந்து இறந்த யானைகள் எட்டாண்டிலே ஏறக்குறைய 20 என்று 2022 இற் செய்தி வந்தது.

அச்சிறுவனின் வினா இன்னும் நிற்கின்றது. அவனுக்கு நாம் சொன்னது இவ்வளவே: அது உன் பணிஸுக்காகப் பார்க்கின்றது, ஆனால் அதற்கு வேண்டியது பணிஸன்று. ஆடி, ஆவணி மாதங்களிலே இத்தீவிற் புல் கருகி, குட்டைகள் வற்றி, உப்புக்காற்றே வீசும்போது கழுதைக்கு அரியது நீர். நீருக்கு இனிப்பில்லை, ஆதலின் நீர் வைப்பதிலே கைகொட்டிக் களிக்க இடமில்லை. அவன் சிறிது நேரம் பேசாது நின்றான். தன் கையாற் கொடுத்து, தன் கையிலிருந்தே அது தின்றாலன்றித் தான் கொடுத்ததாகாது என்பது அவன் முகத்திற் தெரிந்தது. பெரியோர் பலர் முகத்திலும் அதுவே தெரிகின்றது. அவன் வாய்விட்டுக் கேட்டான், அவ்வளவே வேற்றுமை.

இதனை எளிதில் ஒதுக்கிவிட நாம் துணியேம். கையோடு கொடுத்துப் பழகாத பிள்ளைக்கு ஈரம் எவ்வாறு உண்டாகும் என்று கேட்போர்க்கு முழுவிடை எம்மிடத்து இல்லை. பின்னவலை யானைகள் சரணாலயம் 1975 இல் தோன்றிய நாள்தொட்டு, கட்டணம் செலுத்தி யானைக்கன்றுக்குப் பாற்போத்தல் ஊட்டிய பிள்ளைகளுட் சிலர் யானைகளின்மேல் மெய்யன்பு கொண்டு வளர்ந்திருக்கலாம். ஆயினும் அவ்வன்பின் விலையைக் கட்டியது யார் என்று பார்த்தல் வேண்டும். பிள்ளைக்கு ஈரத்தைக் கற்பிக்கும் பாடப்புத்தகமாகப் பிறிதோருயிரின் வயிறு இருத்தல் தகுமோ? வைக்கோல் எடுத்துவருதல், தொட்டி கழுவுதல், எச்சிலோடு எறிந்த பொலித்தீனைப் பொறுக்குதல் என்பனவும் கையாற் செய்வனவே. அவற்றிலே விலங்கு நம்மை நோக்கி நன்றிகூறாது. தன் பாட்டிற் குடித்துவிட்டுப் போய்விடும்.

எம் பாடசாலை வாயிலுக்கு வெளியே, வேம்பின் கீழே, பழைய சீமெந்துத் தொட்டியொன்றை வைத்து முறைவைத்து நீர் நிரப்புமாறு வகுப்புக்களை ஏற்படுத்தினோம். வைக்கோலுக்குப் பெருநிலத்து வயல்களிலிருந்து அறுவடைக்குப்பின் ஒரு வண்டி வருகின்றது. பட்டிப்பொங்கலுக்குப் பசுவின்முன் வைக்கும் இலையிலே, பொங்கலைப் பெயரளவிற்குத் தொட்டுவைத்து, புல்லும் அகத்திக்கீரையும் நிறைத்து வைக்கலாமென்று எம் கோயிற் சபையாரிடத்தும் சொல்லியிருக்கின்றோம். குருக்கள் ஐயா இசைந்தார். தாய்மார் சிலர் இன்னும் இசையவில்லை.